அறுபத்து மூன்றாம் பக்கம்

மனித குலத்தின் மகத்தான சாதனை எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நிலாவுக்குப் போனதைச் சொல்வார்கள். அம்மைக்கு ஊசி கண்டுபிடித்ததைச் சொல்வார்கள். காலை எட்டு மணி கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் பிடித்ததைக்கூடச் சொல்வார்கள். எல்லாம் சில்லறை. படித்துக்கொண்டிருந்ததை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று அடுத்த வாரம் மறக்காமல் இருப்பதுதான் நாகரிகத்தின் சிகரம். அந்தச் சிகரத்தில் 2006-ஆம் ஆண்டு கொடி நட்டவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அனுகூலா பிரஸ்ஸிங்ஸ் நிறுவனத்தின் நிர்வாக மேலாளர் திரு. துளசிராமன். வரலாறு இதுவரை அவரைக் கண்டுகொள்ளவில்லை. வரலாற்றுக்கு எப்போதுமே கொஞ்சம் கொழுப்பு உண்டு.

அனுகூலாவில் கார் சீட்டுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பட்டைகள் செய்தார்கள். அந்தப் பட்டைகளை வாங்க வந்த வெளிநாட்டுக்காரன், தரச் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டான். சான்றிதழ் வேண்டுமென்றால், தொழிற்சாலையில் எது எப்படி நடக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும். சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, மூன்று வாரம் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, 'தரக் கையேடு' என்ற பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க வேர்டு ஃபைல் ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போனார். தொழிலாளர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே இருந்தது. அது அவர்கள் கைக்கு ஒருநாளும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

முதலாளி ஓர் உத்தரவு போட்டார். கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கமிட்டி படித்து அங்கீகரிக்க வேண்டும். அங்கீகரிக்காத பக்கத்தில் உள்ள எதையும் வாங்கவோ செய்யவோ கூடாது. அங்கீகரித்ததை உடனே வாங்கிவிட வேண்டும்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் துளசிராமன். கொள்முதலுக்கு மோசஸ், எதைச் சொன்னாலும் 'டப்பு எவ்ளோ ஆவும்' என்று கேட்பவர். பணியாளர் நலனுக்குப் பச்சையப்பன். பொன்னேரிப் பக்கம் ஆறு ஏக்கர் நெல் வைத்திருந்தார், உடம்பு கூட்டத்தில் இருக்கும், மனசு பம்புசெட்டில் இருக்கும். ஃபைலைத் திறந்து மூடவும் திருத்தவும் பர்ஹானா. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண், பி.காம் முடித்துக் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வாங்கியவர். அவர் உறுப்பினர் அல்ல. தட்டச்சு செய்பவருக்கு அபிப்பிராயம் இருந்தால் எழுத்துப் பிழை வரும் என்பது துளசிராமனின் கொள்கை.

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கூட்டம். தொடக்கத்தில் ஒரு சோதனை வந்தது. ஃபைலை எங்கே நிறுத்தினாலும், அடுத்த வாரம் திறந்தால் அது சமத்தாக முதல் பக்கத்தில் வந்து நின்றது. போன வாரம் பதினாலாம் பக்கம் என்றார் துளசிராமன். பதினொன்று என்றார் மோசஸ். யூரியா பற்றி எழுதியிருந்த இடம் என்று பச்சையப்பன் அடித்துச் சொன்னார். கையேட்டில் யூரியாவே கிடையாது.

துளசிராமன் யோசித்தார். அவர் யோசித்தால் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார், அதுதான் பயமே. முதல் கண்டுபிடிப்பு, மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. கூட்டம் முடிந்ததும், நிறுத்திய வரிக்கு நேராகக் கம்ப்யூட்டர் கண்ணாடியில் பொட்டு ஒட்டப்பட்டது. அடுத்த புதன் வந்து பார்த்தால் பொட்டு ஒட்டிய இடத்திலேயே அம்சமாக இருந்தது, அதற்குப் பின்னால்தான் வேறு வரி இருந்தது. பொட்டை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று மோசஸ் சந்தேகப்பட்டார். முறையாக விசாரணை நடந்து, ஜன்னல் துடைக்கும் குப்பம்மாள் எச்சரிக்கப்பட்டார்.

இரண்டாவது கண்டுபிடிப்பு, கம்ப்யூட்டரை அணைக்காமலே விட்டுவிடுவது. ஏழு நாளும் அது எரிந்துகொண்டிருக்கும், எவரும் தொடக் கூடாது. கீபோர்டுக்குத் துண்டு போர்த்தி, நாற்காலியைக் கயிறு கட்டி மேசையோடு பிணைத்தார்கள். கரண்டு போனால் என்ன செய்வது என்று யூ.பி.எஸ். வாங்கினார்கள். கரண்டு மூன்று மணி நேரம் போனது. யூ.பி.எஸ். நாற்பது நிமிஷம் கத்திவிட்டு உயிரை விட்டது.

மூன்றாவதுதான் சிகரம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் சிவப்பு மையில், 'அடுத்த பக்கம்' என்று எழுதி எதிரே எண். பக்கத்திலேயே முன்னேற்ற வரைபடம் ஒன்று. வாரா வாரம் ஒரு கோடு மேலே ஏறும். இவ்வளவுதான். பொட்டு இல்லை, கயிறு இல்லை. ஒரு எண். முதலாளியே வந்து பார்த்து, துளசிராமனை அடுத்த ஏப்ரலில் துணைப் பொது மேலாளர் ஆக்கலாம் போலிருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறையில் கமிட்டி வாரத்துக்கு நாலைந்து பக்கமாகக் குதிரையாக ஓடி, மே மாதக் கடைசியில் அறுபத்து இரண்டாம் பக்கத்தை முடித்தது. தலைப்பு, 'கூட்டங்களில் தேநீர் வழங்கும் டம்ளர்'. பீங்கான் என்றிருந்ததைக் கண்ணாடி என்று மாற்றி அங்கீகரித்தார்கள். பலகையில் அறுபத்து மூன்று ஏறியது.

அந்த அறுபத்து மூன்றுக்காக ஒருத்தி காத்திருந்தாள்.

மூன்றாம் நம்பர் பவர் பிரஸ்ஸில் வேலை செய்த முத்தம்மா அவள். இரும்புத் தகட்டை அச்சுக்குக் கீழே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலே இருக்கும் அச்சு இறங்கித் தகட்டை வளைக்கும். ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் தடவை கை உள்ளே போய் வெளியே வரும். மற்ற பிரஸ்களில் கை உள்ளே இருந்தால் அச்சு இறங்காதபடி கம்பி வலைக் கார்டு உண்டு. மூன்றாம் நம்பரில் அது உடைந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. போதாததற்கு இப்போதெல்லாம் பெடலை மிதிக்காமலே அச்சு சில நேரம் தானாக இறங்கியது. புது கார்டு போட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்த பக்கம் அறுபத்து மூன்று. பர்ஹானாதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

"புதன்கிழமை ஒன்னோட பக்கம்தான் முத்தம்மா. வியாழக்கிழமை மோசஸ் ஆர்டர் போட்டுடுவாரு. பேஜாரே இல்ல," என்றார் துளசிராமன். மனதாரத்தான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, மேலாளர், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஆலோசகர் போன் செய்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யார் யார் வந்தார்கள் என்ற விவரம் இனி ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். கடைசியில் சேர்த்துவிடட்டுமா என்று பர்ஹானா கேட்டார். துளசிராமனின் முகம் வாடிப்போயிற்று.

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில பெரியவங்க பேரு எங்க வரும்? கடைசியிலயா போடுவாங்க?"

ஆக, ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும் முன் ஃபைலின் தலைமாட்டில் புதிதாக ஒரு முழுப் பக்கம் சேர்க்கப்பட்டது. மேலே நடுவில் 'உ'. கீழே தேதி, திதி, உறுப்பினர்களின் பெயர்கள் பட்டங்களோடு, வரவேற்பு, முதலாளிக்கு நன்றி. இத்தனை மரியாதைக்குப் பிறகு, படிப்பது வாரத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று முடிவானது. அந்த 'உ'வைப் பர்ஹானா வாரா வாரம் ஒரு நூல் பிசகாமல் நடுவில் நிறுத்தி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கலாம் என்று பச்சையப்பன் ஒருமுறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

கணக்குத் தெரிந்த வாசகர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் கமிட்டியில் இல்லாமல் போனது கமிட்டியின் நல்ல நேரம். முன்னால் ஒரு பக்கம் புகுந்தால் பின்னால் உள்ளதெல்லாம் ஒவ்வொரு பக்கம் தள்ளிப் போகும். போன வாரத்து அறுபத்து இரண்டு, இந்த வாரத்து அறுபத்து மூன்று. புதன்கிழமை மூன்று மணிக்குப் பலகையைப் பார்த்து, மிகச் சரியாக அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார்கள். 'கூட்டங்களில் தேநீர் வழங்கும் டம்ளர்' என்று துளசிராமன் கணீரென்று படித்தார். முக்கால் மணி நேரம் விவாதித்து, கண்ணாடி என்றிருந்ததைப் பூப்போட்ட கண்ணாடி என்று திருத்தி அங்கீகரித்தார்கள். பலகையில் அறுபத்து நான்கு ஏறியது. வரைபடத்தில் கோடும் ஏறியது.

வியாழக்கிழமை முத்தம்மா வந்து கேட்டாள். அறுபத்து மூன்று முடிந்துவிட்டது என்று துளசிராமன் வாழ்த்தே சொன்னார். அப்போ கார்டு எங்கே என்றாள் அவள். குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் டம்ளர்தான் இருந்தது. "அப்போ ஒன்னுது அறுபத்து நாலா இருக்கும். அடுத்த புதன்," என்றார். அடுத்த வியாழக்கிழமை அது அறுபத்து ஐந்தாயிற்று. நமக்குத்தான் நம்பரைச் சரியாக நினைவு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டு போனாள்.

இப்படியாக அனுகூலா வரலாற்றின் பொற்காலம் தொடங்கியது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு முழுக்கக் கமிட்டி வாரம் ஒரு பக்கம் முன்னேறி, அதே பக்கத்திலேயே இருந்தது. பூப்போட்ட டம்ளர் என்று போன வாரம் தாங்களே எழுதியதை இந்த வாரம் படித்துவிட்டு, எந்த முட்டாள் இதை எழுதினான் என்று ஆலோசகரைத் திட்டி, எவர்சில்வர் என்று மாற்றினார்கள். மறுவாரம் எவர்சில்வரைப் பார்த்து, சூடு தாங்காதே, இதுகூடத் தெரியாதா என்று மறுபடியும் அவரைத் திட்டினார்கள். கைப்பிடி வந்தது, கைப்பிடி போனது, அடியில் சாஸர் வந்தது. அங்கீகரித்ததை உடனே வாங்க வேண்டும் என்ற உத்தரவு இருந்ததால், கேன்டீன் சின்னராசு வாரா வாரம் புது டம்ளர் அடுக்கினார். பழைய டம்ளர்களை வைக்க இடமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போனார். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரமே வாங்க வேண்டாம் என்று அவர் மனைவி சந்தோஷப்பட்டதாகக் கேள்வி.

ஒரே ஒருமுறை பச்சையப்பன் பம்புசெட்டிலிருந்து திரும்பி வந்து, இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று முனகினார். நல்ல விதிகளெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று துளசிராமன் விளக்கினார். பச்சையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது.

பலகை எழுபதைத் தொட்ட அன்று பர்ஹானாவால் பொறுக்க முடியவில்லை. காலையில் நாஷ்டா சாப்பிடும்போதே முடிவு செய்துகொண்டு வந்தவர், துளசிராமனின் அறைக்குள் போய் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். ஒரு பக்கம் படிக்கிறோம், ஒரு பக்கம் சேர்க்கிறோம், அதனால் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார்.

துளசிராமன் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்ல சார். சரி பண்றது ஈஸி சார். படிச்சு நிறுத்துற எடத்துக்கே ஒரு பேர் வெச்சிடலாம். புக்மார்க்னு இருக்குது. முன்னால எத்தினி பக்கம் சேர்த்தாலும் பேர் அந்த வரியிலயேதான் இருக்கும். ஒரு நிமிஷ வேல."

ஒரு நிமிஷ வேலை என்றதுதான் அவரைக் கொன்றது. மூன்று மாதம் உழைத்து நாட்டிய பலகை, அதைவிட முக்கியமாக அந்த வரைபடம். முதலாளி அதைப் போட்டோ பிடித்து வெளிநாட்டுக்காரனுக்கே அனுப்பியிருந்தார். எழுபதிலிருந்து கோட்டைச் சரித்துக் கீழே கொண்டுவந்தால், ஏப்ரலும் துணைப் பொது மேலாளர் பதவியும் கூடவே சரியும். துளசிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொல்றது நல்ல யோசனைதான். ஆனா கம்ப்யூட்டர்ல புது வசதி எதுவும் பயன்படுத்தணும்னா, 'கணினிப் பயன்பாடு' பக்கம் அங்கீகாரம் ஆகணும். அது நூத்தி எண்பதாம் பக்கம். அதுவரைக்கும் நாம விதிய மீற முடியாது பாரு."

நூற்று எண்பதுக்கு இந்த ஜென்மத்தில் போக மாட்டோமே சார் என்று பர்ஹானா கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் முத்தம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அன்று மதியம்கூட அச்சு தானாக இறங்கியதாம். முத்தம்மா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், தப்பிச்சிட்டேன் பாரு என்று. பர்ஹானாவுக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

பலகையில் எழுபத்து நான்கு என்றிருந்த புதன்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பர்ஹானா ஒரு காரியம் செய்தார். டம்ளர் பக்கத்தை அப்படியே வெட்டி, கார்டு பக்கத்துக்குப் பின்னால் ஒட்டினார். புக்மார்க் வைக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. இப்போது எழுபத்து நான்கைத் திறந்தால் முன்னால் வந்து நிற்பது கார்டுதான். முத்தம்மாவிடம் போய், அக்கா, இன்னிக்கு வந்துடும் என்றார். டீ நேரத்தில் முத்தம்மா கூட்ட அறைக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள்.

மூன்று மணிக்குத் துளசிராமன் கணீரென்று ஆரம்பித்தார். "மூன்றாம் எண் அழுத்த எந்திரத்துக்குக் கைக்காப்பு. இதைப் பொருத்தும் வரை அந்த எந்திரத்தை இயக்கக் கூடாது."

கணீர் பாதியிலேயே இறங்கிவிட்டது. மோசஸ் வழக்கம்போல டப்பு எவ்வளவு என்று கேட்கவில்லை; கார்டு விலை ஒன்றும் பெரிதல்ல, பொருத்த இரண்டு நாள் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும், மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய சரக்கு என்ன ஆவது என்று கேட்டார். பச்சையப்பன் முதல்முறையாக முழுசாக விழித்திருந்தார், விழித்தபடியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'படிக்கப்பட்டது. மேலும் ஆராயும் பொருட்டு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார் துளசிராமன். எல்லாம் நான்கே நிமிஷம். பலகையில் எழுபத்து ஐந்து ஏறியது, கோடும் ஏறியது. வெளியே வந்த பர்ஹானாவால் முத்தம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, தான் ஏதோ தப்பு செய்த மாதிரி.

அடுத்த புதன்கிழமை முன்னால் புதுப் பக்கம் சேர்ந்தது. முறைப்படி எழுபத்து ஐந்தைத் திறந்தார்கள். முறைப்படி அதே கார்டு பக்கம் வந்து நின்றது. அனுகூலாவின் தரக் கமிட்டி தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு பக்கத்தை அடையாளம் கண்டது அன்றைக்குத்தான்.

"இது போன வாரம் பார்த்ததாச்சே," என்றார் துளசிராமன்.

"ஆமாமா, பார்த்தாச்சு," என்றார் மோசஸ்.

"அதேதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது," என்றார் பச்சையப்பன்.

பன்னிரண்டு வாரம் டம்ளரைப் படித்தும் மங்கியிருந்த ஞாபகசக்தி, மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பளிச்சென்று வந்துவிட்டது. அடுத்த பக்கத்துக்குப் போம்மா என்றார்கள். போனால் டம்ளர். ஊருக்குப் போன சொந்தக்காரன் திரும்பி வந்த மாதிரி மூன்று முகமும் மலர்ந்தது. ஒரு மணி நேரம் ஆர அமர விவாதித்து, எவர்சில்வரை மறுபடி பீங்கான் ஆக்கினார்கள்.

சனிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு மூன்றாம் நம்பர் அச்சு தானாக இறங்கியது. முத்தம்மாவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

திங்கட்கிழமை துளசிராமன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார், வாக்குமூலமும் எடுத்துக்கொண்டு போனார். அது அவரே முந்தைய நாள் உட்கார்ந்து எழுதியது. படித்துக் காட்டப் பர்ஹானாவை அழைத்துப் போயிருந்தார். நிர்வாகம் பாதுகாப்பு விதிகளை எழுதி, கமிட்டி அமைத்து, உரிய பக்கத்தை உரிய நாளில் படித்திருக்கிறது என்பதற்குத் தேதியும் பக்க எண்ணும் தவறாமல் அதில் இருந்தன. கடைசியில், 'எனது கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது' என்ற ஒரு வரியும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனியே ஏற்கும் என்று துளசிராமன் அன்போடு சொன்னார்.

பர்ஹானா அந்த வரியையும் படித்துக் காட்டினார். முத்தம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"டம்ளரு எத்தினி தபா படிச்சாங்க, பர்ஹானா?"

"பதிமூணு தபா அக்கா."

"நம்ம கார்டு?"

"ஒரு தபா."

முத்தம்மா பேப்பரைக் கையில் வாங்கவில்லை. துளசிராமனைப் பார்த்து, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்:

"டம்ளரு நீங்க வாய் வெக்கிறது சார். பிரஸ்ஸு நான் கை வெக்கிறது. இதுல கவனம் கொறைஞ்சது யாருக்குன்னு மாத்தி எழுதிக்கினு வாங்க, எடது கையாலயாச்சும் கையெழுத்து போட்டுத் தரேன்."